அபர்டீனுக்கு அனுப்பிய பாப்பி வேர்கள்: ஒரு தபால்வழி நாற்றுப்பண்ணை பற்றி

பிள்ளைகள் குளிர்நாட்டில் வீடு வாங்கிக் குடியேறிவிட்டால் இங்கிருந்தபடி அவர்களுக்கு என்ன அனுப்புவது என்று பல வீடுகளில் யோசிக்கிறார்கள். முறுக்கும் ஊறுகாயும் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். நான் சிபாரிசு செய்வது பாப்பி வேர். பூத்த தொட்டிச்செடி வேண்டாம், வெறும் வேர் போதும். என் மகனும் மருமகளும் ஸ்காட்லாந்தில் அபர்டீன் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் தோட்டத்துக்காக இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பிரிட்டனில் உள்ள ஒரு சிறிய நாற்றுப்பண்ணையில் இணையம்வழி வாங்கினேன். பண்ணையின் சேவை எப்படி, வந்த வேர் எப்படி, பூ எப்படி என்று மூன்றையும் சொல்கிறேன். ஒரு குறையும் உண்டு. அதனால் பண்ணையின் பெயரைப் போடவில்லை. இதே முறையில் வேர் அனுப்பும் குடும்பப் பண்ணைகள் அங்கே நிறைய இருக்கின்றன. என்ன கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் எதிலும் வாங்கலாம்.

பாப்பி என்றதும் நவம்பர் மாதம் கிராஞ்சி போர் நினைவிடத்துக்கு வருகிறவர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்புக் காகிதப் பூ நினைவுக்கு வரும். அது வயல் பாப்பி. முளைத்து, பூத்து, விதை உதிர்த்து, ஓராண்டில் முடிந்துவிடும். கசகசா தரும் செடியும் அப்படித்தான். நான் வாங்கியது ஓரியண்டல் பாப்பி, ஒரே இடத்தில் பல்லாண்டு வாழ்வது. காக்கசஸ் மலைகள், துருக்கியின் வடகிழக்கு, ஈரானின் வடக்கு இவைதான் அதற்குத் தாய்வீடு. 1700களின் தொடக்கத்தில் அந்தப் பக்கம் பயணம் போன டூர்னஃபோர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர்தான் அதை மேற்கு ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். மலையில் பிறந்த செடி என்பதால் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி போனாலும் தாங்கும். அதைக் கொல்வது குளிரல்ல, குளிர்காலத்தில் வேரைச் சுற்றித் தேங்கும் தண்ணீர்.

வேராக வாங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் செடிக்குத் தடித்த ஆணிவேர், நேராகக் கீழே இறங்கும். தொட்டியில் அதிக நாள் வைத்தால் அடியில் முட்டி வளைந்து சுருண்டுகொள்ளும். பூவோடு இருக்கும் செடியை மே மாதத்தில் பிடுங்கி நட்டால் அந்த வேர் அசைவைத் தாங்காது. மருமகள் அதற்கு முந்தைய ஆண்டு ஒரு பேரங்காடியில் மூன்று பூவோடு இருந்த தொட்டியை ஆசையாக வாங்கி வந்தாள். கைப்பேசியில் காட்டியபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. நட்ட பிறகு இலை தொங்கியது, மீளவே இல்லை. தோண்டிப் பார்த்தால் வேர் தொட்டியின் வடிவத்திலேயே வட்டம் போட்டிருந்தது. கடைக்காரர்கள் பூவைக் காட்டி விற்கிறார்கள், வாங்குகிறவருக்கு வேர் தெரிவதில்லை. செடி உறங்கும் காலத்தில், நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள், மண்ணை உதறி அனுப்பும் வேரில் ஒளிக்க ஒன்றுமில்லை. நல்ல வேரா, நொந்த வேரா என்று கையில் எடுத்தாலே தெரிந்துவிடும்.

தீபாவளி சமயத்தில் மூன்று ஓரியண்டல் வேருக்கும், கூடவே நீலப் பாப்பிக்கும் ஆர்டர் போட்டேன். சிங்கப்பூர் வங்கி அட்டையில் பணம் கட்டுவதில் சிக்கல் இல்லை. பெறுகிறவர் முகவரி வேறு, பணம் கட்டுகிறவர் முகவரி வேறு என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. பல பண்ணைகளின் தளத்தில் இது இல்லாமல் நான் பாதியில் விட்டிருக்கிறேன். மறுநாள் பண்ணையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பாத்தியில் மழைத்தண்ணீர் நிற்குமா, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெயில் படும், மண் களியா மணலா என்று கேட்டிருந்தார்கள். நான் மருமகளுக்கு அழைத்தேன்.

“அத்தை, வேலியோரம் தண்ணீ நிக்கும். சமையலறைச் சுவர் பக்கம் நிக்காது, சாயங்காலம் வரைக்கும் வெயிலும் இருக்கும்,” என்றாள்.

“அப்ப சுவர் பக்கமே வெச்சிடும்மா. ஒரு அடி ஆழத்துக்குக் கிளறி வை.”

அதைப் பண்ணைக்கு எழுதியதும், அந்த இடம் சரி, ஓரியண்டல் மூன்றையும் அங்கே வையுங்கள், நீலப் பாப்பியை மட்டும் வேறிடத்தில் நிழலில் வையுங்கள் என்று பதில் வந்தது. ஒரு வேர் 7 பவுண்டு, நம் காசுக்கு ஏறக்குறைய 12 வெள்ளி. அதற்கு இவ்வளவு கேட்டு அனுப்புகிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

பெட்டி டிசம்பர் முதல் வாரத்தில் போய்ச் சேர்ந்தது. மருமகள் காணொளியில் எனக்கு முன்னால்தான் திறந்தாள். அட்டைப்பெட்டிக்குள் துளையிட்ட பிளாஸ்டிக் பைகள், பைக்குள் லேசாக ஈரமான மரச்சீவல், அதற்குள் வேர். சுண்டுவிரல் தடிமனில் இரண்டு மூன்று கிளை, வெளியே பழுப்பு, முறிந்த இடத்தில் பால்வெள்ளை. தலைப்பக்கத்தில் கத்தரித்த இலைக்காம்புகளுக்கு நடுவே வெள்ளை ரோமம் மூடிய சின்னக் குருத்து. அழுத்திப் பார்க்கச் சொன்னேன், எல்லாம் கெட்டியாக இருந்தது. ஒன்றில் வேர்நுனி உடைந்து பையின் அடியில் கிடந்தது. கூடவே வைத்திருந்த தாளில் அதற்கும் வழி எழுதியிருந்தார்கள்: உடைந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், மேல்பக்கம் மேலாகவே இருக்கும்படி ஒரு தொட்டியில் செருகி வையுங்கள், அதுவும் ஒரு செடி ஆகும். ஆனது. ஓரியண்டல் பாப்பியைப் பெருக்கும் முறையே அதுதான். குளிர்காலத்தில் வேரை ஐந்து ஏழு செண்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கி, தலைகீழாகிவிடாமல் மேல்நுனியை நேராகவும் கீழ்நுனியைச் சாய்வாகவும் வெட்டி, மணல் கலந்த மண்ணில் நிறுத்துவார்கள். விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் பெயர் பெற்ற ரகங்களின் விதை தாயைப் போலப் பூக்காது. குறைக்குள் வரும்போது இதை மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

நடுவது எளிது. தலை மண்மட்டத்துக்கு இரண்டு மூன்று செண்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும், வேர் மடங்காமல் நேராக இறங்க வேண்டும். மற்றபடி உரமெல்லாம் அள்ளிக் கொட்ட வேண்டாம். சனவரியில் பனி மூடியபோது மருமகள் கவலைப்பட்டாள். பனியை விலக்கிப் பார்த்தால் உள்ளங்கை அகலத்தில் பச்சை இலைக்கொத்து தரையோடு ஒட்டிப் படுத்திருந்தது. சமூகத் தோட்டத்தில் ஆண்டு முழுக்கக் கீரையும் வெண்டையும் வளர்க்கும் எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க வியப்பாக இருந்தது.

முதல் கோடையில் ஒன்றிரண்டு பூதான். அதைப் பண்ணையும் முன்கூட்டியே சொல்லியிருந்தது. அடுத்த சூனில் நான் அங்கே போயிருந்தபோது சிவப்பு ரகமான ‘பியூட்டி ஆஃப் லிவர்மியர்’ என் இடுப்பைத் தாண்டி நின்றது. அபர்டீனில் அந்த மாதம் ஏறக்குறைய 18 மணி நேரம் வெளிச்சம் இருக்கும். காலை நான்கரைக்கே விழிப்பு வந்துவிட்டதால் ஒரு மொட்டு திறப்பதை முழுவதும் பார்த்தேன். கோழிமுட்டைக்குச் சற்றுச் சின்ன மொட்டு, மேலெல்லாம் கருப்பு கலந்த முரட்டு ரோமம். நடுவில் ஒரு கீறல் விட்டு அதன் வழியே சிவப்புத் தெரிகிறது. மொட்டை மூடியிருந்த ஓடு இரண்டாகப் பிரிகிறது, ஒரு பாதி காலடியில் விழுகிறது, மறுபாதி இதழின் விளிம்பில் குல்லா போலத் தொங்கிக்கொண்டிருக்கிறது. இதழ்கள் ஆயிரம் சுருக்கத்தோடு வெளியே வருகின்றன. வெயில் ஏற ஏற ஒவ்வொரு சுருக்கமாக நீங்கி, காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்துக்குள் விரித்த என் கையைவிட அகலமாக இருந்தது. இதழின் அடியில் கருப்புத் திட்டு. நடுவில் ஊதா கலந்த கருப்பில் மகரந்தக் கூட்டம், அதற்கும் நடுவில் வெல்வெட் துணிபோல் கோடு கோடாக விரிந்த ஒரு தட்டு. வண்டுத்தேனீ ஒன்று உள்ளே விழுந்து புரண்டு எழுந்தபோது அதன் கால்களெல்லாம் கருநீலப் பொடி. இந்தச் செடியின் நிறத்தை எந்தக் கைப்பேசியும் சரியாகப் பிடிப்பதில்லை. இதை வாங்குகிறவர்கள் பூக்கும் வாரத்தில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், டிக்கெட்டை அதற்கேற்றாற்போல் எடுக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். மே கடைசி முதல் சூன் நடு வரை.

ஒவ்வொரு பூவும் நாலைந்து நாள்தான் நிற்கும். செடி முழுதும் சேர்த்து இரண்டு மூன்று வாரம். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு, நான் சொல்ல மாட்டேன். ஆனால் வட கடலோரக் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தால் பெரிய பூக்கள் கவிழ்ந்துவிடும். ஏப்ரலிலேயே வட்டக் கம்பித் தாங்கியை ஊன்றிவிட வேண்டும், இலை வளர்ந்து அதை மறைத்துவிடும். லிவர்மியர் தானாகவே விறைப்பாக நின்றது. ‘பேட்டிஸ் பிளம்’ சாய்ந்தது. அது மங்கிய கத்தரிப்பூ நிறம். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஒரு நாற்றுப்பண்ணையின் உரக்குவியலில் தானாக முளைத்துக் கிடந்ததைக் கண்டெடுத்துப் பெருக்கிய ரகம். வெயில் அதிகம் பட்டால் நிறம் வெளிறிப் பழுப்படிக்கும். மூன்றில் மருமகளுக்குப் பிடித்தது அதுதான், எனக்குச் சிவப்பு.

இப்போது குறை. மூன்றாவது வேர் ‘பெர்ரிஸ் வைட்’ என்ற வெள்ளை ரகம் என்று பெயர்ச்சீட்டில் இருந்தது. பூத்தது ஆரஞ்சு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஓரியண்டல் பாப்பி என்றாலே ஆரஞ்சுச் சிவப்புதான். ஏமோஸ் பெர்ரி என்ற இங்கிலாந்து நாற்றுப்பண்ணைக்காரர் 1906 வாக்கில் தன் நாற்றுகளுக்கிடையே ஓர் இளஞ்சிவப்பைக் கண்டு அதற்கு மனைவியின் பெயரை வைத்தார். சில ஆண்டுகள் கழித்து, நீங்கள் அனுப்பிய செடி வெள்ளையாகப் பூத்து என் பாத்தியையே கெடுத்துவிட்டது என்று ஒரு வாடிக்கையாளர் அவருக்குக் குறை எழுதினார். பெர்ரி வேறு செடி கொடுத்து அந்த வெள்ளையை வாங்கிக்கொண்டார். அப்படி வந்ததுதான் இந்த ரகம். எனக்கு வெள்ளைதான் வேண்டியிருந்தது. சுவர் பழுப்புநிறக் கல், அதன் முன் சிவப்புக்கும் கத்தரிக்கும் நடுவில் வெள்ளை நிற்க வேண்டும் என்று மனத்தில் வரைந்து வைத்திருந்தேன்.

படத்தோடு பண்ணைக்கு எழுதினோம். மறுப்பேதும் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டு, வரும் நவம்பரில் சரியான வேர் இலவசமாக வரும் என்றார்கள். வந்தது, போன சூனில் வெள்ளையாகவும் பூத்தது. ஆனாலும் எனக்கு நிறைவில்லை. வேர்த்துண்டிலிருந்து வளர்த்த செடியில் இந்தத் தவறு நடக்காது. எங்கோ ஒரு விதைநாற்று கலந்திருக்கிறது, அல்லது பெயர்ச்சீட்டு மாறியிருக்கிறது. சீட்டு மாறியது என்றால் மன்னிக்கலாம். விதையில் வளர்த்ததை ரகத்தின் பெயரில் விற்றால் அது வாங்குகிறவரை ஏமாற்றுவதுதான். இரண்டில் எது என்று கேட்டதற்குப் பண்ணை தெளிவாகப் பதில் சொல்லவில்லை. இரண்டாண்டு காத்திருந்து நிறம் தவறினால் போன இரண்டாண்டுக்கு இலவச வேர் ஈடாகாது. தவறி வந்த ஆரஞ்சை எடுப்பதும் லேசில்லை. மகன் கடப்பாரை போட்டுத் தோண்டி எடுத்த இடத்தில், மண்ணில் தங்கிய வேர்த்துண்டுகளிலிருந்து மறுபடி முளைத்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே யாரிடம் வாங்கினாலும் வாங்குவதற்கு முன் எழுதிக் கேளுங்கள்: இந்த ரகம் வேர்த்துண்டிலிருந்து வந்ததா, விதையிலிருந்தா? பதில் தராத பண்ணையில் வாங்க வேண்டாம்.

சூலையில் மருமகளிடமிருந்து அழைப்பு. “அத்தை, மூணும் போச்சு. இலையெல்லாம் மஞ்சளாகிப் படுத்துடுச்சு.” அந்தத் தாளின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். பூத்து முடிந்ததும் இலை முழுவதும் காய்ந்து செடி மண்ணுக்குள் போய்விடும், கோடை கடைசியில் புது இலை விடும், அதுவரை தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று இருந்தது. மலைச்சரிவின் வறண்ட கோடையைத் தாண்ட அந்தச் செடி பழகிய வழி அது. பண்ணை இவ்வளவு முக்கியமான விஷயத்தைப் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கக் கூடாது. எத்தனை பேர் செத்துவிட்டது என்று தோண்டி எறிந்தார்களோ. காலியாகும் இடத்தை மறைக்கத் தாமதமாக வளரும் செடியைப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார்கள். மருமகள் ‘ரோசேன்’ என்ற நீல ஜெரேனியம் வைத்திருக்கிறாள். அது படர்ந்து அந்தப் பள்ளத்தை மூடிவிடுகிறது, அக்டோபர் வரை பூக்கிறது.

நீலப் பாப்பிக்குத் தனிப் பாராட்டு எழுத வேண்டும். அது இமயமலைக்காரி, பூட்டானின் தேசிய மலர்க் குடும்பம், மெக்கனாப்சிஸ் என்பது தாவரப்பெயர். 1913இல் பெய்லி என்ற பிரிட்டிஷ் அதிகாரி திபெத்தில் ஒரு பூவைச் சேகரித்தார். 1924இல் கிங்டன்-வார்ட் என்ற தாவரச் சேகரிப்பாளர் விதை கொண்டுவந்த பிறகுதான் பிரிட்டிஷ் தோட்டங்களில் அது பரவியது. ஓரியண்டலுக்கு வெயிலும் வடிகாலும் என்றால் இதற்கு எல்லாம் நேரெதிர்: அரைநிழல், இலைமக்கு கலந்த புளிப்பு மண், ஈரம் காயாத, சூடேறாத கோடை. லண்டன் பக்கமே திணறும். ஸ்காட்லாந்தில் களைபோல வளர்கிறது. பண்ணை இதை வேராக அனுப்பவில்லை, ஏப்ரலில் ஒன்பது செண்டிமீட்டர் தொட்டியில் அனுப்பியது. சரியான முடிவு. ரகம் ‘லிங்ஹோம்’. இலையில் பொன்பழுப்பு ரோமம், ரோமத்தில் காலையில் பனித்துளி. முதல் ஆண்டு வந்த ஒரே மொட்டைக் கிள்ளிவிடச் சொன்னார்கள், செடி அடியில் பலக்கட்டும் என்று. மருமகள் கண்ணை மூடிக்கொண்டு கிள்ளினாள். அடுத்த மே கடைசியில் ஐந்து பூ, நடுவில் மஞ்சள் மகரந்தம், சுற்றிலும் அப்படியொரு வானநீலம். பெர்த் நகரில் இருக்கும் பிராங்ளின் தோட்டம் இந்த இனத்துக்கென்றே பெயர்பெற்றது. மலைச்சரிவில் சின்னத் தோட்டம்தான். அபர்டீனிலிருந்து காரில் போகலாம். பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

இதைப் படித்துவிட்டு இங்கே வளர்க்கலாமா என்று எங்கள் சமூகத் தோட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். முடியாது. நம் ராத்திரியே அவர்கள் கோடைப் பகலைவிடச் சூடு. கரையோரப் பூந்தோட்டங்களின் குளிர்ந்த கண்ணாடிக் கூடத்திலேயே 23 முதல் 25 டிகிரி வைத்திருக்கிறார்கள். இந்தச் செடிக்கு வேண்டிய உறைபனி அங்கும் கிடையாது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். பாப்பி விதை சிங்கப்பூருக்குள் தடை செய்யப்பட்ட பொருள், மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் பட்டியலில் இருக்கிறது. நாம் குருமாவுக்குக் கசகசா இல்லாமல் முந்திரி அரைப்பது அதனால்தானே. மருமகள் காய்ந்த விதைக்காய்களைக் கொத்தாகக் கட்டி, “பூச்சாடியில வைங்க அத்தை” என்று பெட்டியில் வைக்கப் பார்த்தாள். எடுத்து அவள் வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், எந்த வகைப் பாப்பியாக இருந்தாலும் சரி.

ஆக, பெட்டி கட்டிய விதத்துக்கும், வேரின் தரத்துக்கும், கேள்வி கேட்டு அனுப்பிய அக்கறைக்கும் முழு மதிப்பெண். ரகத்தைச் சரியாக அனுப்பியதில் பாதிதான். அதே பண்ணையில் இந்த ஆண்டும் வாங்கப்போகிறேன், இந்த முறை கனடாவில் கால்கரியில் இருக்கும் என் தங்கை மகளுக்கு என்று முதலில் நினைத்தேன். அவர்கள் பிரிட்டனுக்கு வெளியே செடி அனுப்புவதில்லை. பயிர்நலச் சான்றிதழ், அனுமதி என்று செலவு வேரின் விலையைத் தாண்டிவிடும். கனடாவில் இருப்பவர்களுக்குக் கனடாப் பண்ணையிலும், நியூசிலாந்தில் இருப்பவர்களுக்கு நியூசிலாந்துப் பண்ணையிலும் வாங்க வேண்டும். நியூசிலாந்துக்கு மாதங்களைத் தலைகீழாகக் கணக்குப் போட்டு மே, சூனில் ஆர்டர் கொடுங்கள். வட நாடுகளுக்கு வேர்ப்பட்டியல் இலையுதிர்காலத்தில் வந்துவிடும். வெள்ளையும் பேட்டிஸ் பிளமும் சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன, தீபாவளிப் பலகாரம் சுடத் தொடங்குவதற்கு முன்பே போட்டுவிடுவது நல்லது.